28 நாளில் ஆக்சில் நட்டு

முப்பது நாளில் இந்தி, முப்பது நாளில் மலையாளம் என்று புத்தகம் வாங்கி, மூன்றாம் பாடத்தோடு பரணில் போட்ட பரம்பரை நாம். அது தெரிந்தோ என்னவோ, இந்தப் பாடத்துக்கு இரண்டு நாள் குறைத்தே கொடுத்திருக்கிறது நியூசிலாந்து அரசாங்கம். இங்கே சாலையில் ஓடும் காருக்கு ‘வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ்’ என்ற தகுதிச் சான்று வேண்டும். எல்லோரும் சொல்வது வாரண்ட். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவிடம் மட்டும் “வாரண்ட் எடுக்கப் போறேன்” என்று சொல்லாதீர்கள், பயந்துவிடுவார். பரிசோதனையில் வண்டி தோற்றால், 28 நாளுக்குள் பழுதைச் சரிசெய்து அதே இடத்துக்குக் கொண்டுபோகலாம். தோற்ற பகுதியை மட்டும் மறுபடி பார்ப்பார்கள். பொறியியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அரியர்.

உங்களுக்கு வந்திருக்கும் அரியர், முன்சக்கரத்து ஆக்சில். அதைக் கழற்ற வேண்டுமானால் சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு நட்டைக் கழற்ற வேண்டும். மீதியெல்லாம் பிறகு. இந்தக் கையேட்டில் முக்கால்வாசி அந்த நட்டைப் பற்றியதுதான், ஏனென்றால் உங்கள் 28 நாளில் பாதியை அது தின்றுவிடும்.

நாள் 1

பரிசோதகர் தாளில் ‘சி.வி. பூட் கிழிந்துள்ளது’ என்று எழுதியிருப்பார். பதறாதீர்கள், முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்சக்கர இழுவைக் காரில் அந்தச் சக்கரம் வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் இறங்கி ஏறவும் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் சுழற்சி தடுக்காமல் போய்ச் சேர வேண்டும். அதற்காக ஆறு எஃகுக் குண்டுகளை வைத்து சி.வி. மூட்டு ஒன்றை 1926-இல் உருவாக்கினார் ஃபோர்டு நிறுவனத்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஷெப்பா. 1959-இல் வந்த மினி கார் அந்த மூட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. நம்மூரில் அது பரவியது 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு. அந்த மூட்டுக்குள் கிரீஸ் நிற்கவும் மண் புகாமலிருக்கவும் மாட்டியிருக்கும் ரப்பர் உறைதான் பூட். அது கிழிந்தால் கிரீஸ் சிதறிப் போகும், மண் புகும், குண்டுகள் தேயும், மூட்டோடு சேர்த்து ஆக்சிலையே மாற்ற வேண்டிவரும். வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ‘டக் டக் டக்’ என்று கேட்டதே, அதுதான். நீங்கள் அதற்குப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்து, ஒர்க்ஷாப்பில் விலை கேளுங்கள். கூலி மணிக்கு நூறு டாலருக்கு மேல் என்பார்கள். உடனே நீங்கள் அதை ரூபாயில் பெருக்குவீர்கள். வந்து பதினைந்து வருஷம் ஆனவர்களும் பெருக்குகிறார்கள். அதற்கு மருந்து இல்லை. பெருக்கி முடித்ததும் உங்கள் வாயிலிருந்து வரும் வாக்கியம்: “ஒரு நட்டுதானே, நாமளே கழற்றிடலாம்.”

இதைச் சொல்கிறவர் யார் என்று பார்த்துவிடுவோம். ஊரில் இருந்தவரை சைக்கிளுக்குக் காற்று அடிக்கக்கூடக் கடைக்குப் போனவர். தெருமுனையில் மெக்கானிக் அண்ணன் இருந்தார், அவரிடம் ஒரு பையன் இருந்தான். செருப்பில்லாத காலோடு அந்தப் பையன் பைப்பின் மேல் ஏறி நின்று ஒரு எம்பு எம்பினால் எந்த நட்டும் வந்துவிடும். பிறகு அவனே டீயும் வாங்கி வருவான். இருநூறு ரூபாய் கேட்டால் நூற்றைம்பதுக்கு முடித்துவிட்டுத்தான் வருவோம். சென்னை புதுப்பேட்டையில் ஒரு காரையே சில மணி நேரத்தில் எலும்பு எலும்பாகப் பிரித்து அடுக்கிவிடும் கைகள் உண்டு. அந்தக் கைகளுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்ற கணக்கை ஆக்லாந்தில் ஒரு நட்டு காட்டிக்கொடுக்கும். கூலி இங்கே அதிகம் இல்லை. அங்கே குறைவாக இருந்தது. இது புரிய எனக்கு எந்தப் பொருளாதாரப் புத்தகமும் தேவைப்படவில்லை.

நாள் 2 முதல் 9 வரை

ஆராய்ச்சி. அதாவது சோபாவில் படுத்துக்கொண்டு யூடியூப். வீடியோ எடுத்தவர் அரிசோனாவில் இருப்பார். மழையையே பார்க்காத நட்டு, ஸ்பேனரைக் காட்டியதும் கழன்றுகொள்ளும். “அவ்வளவுதான்!” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எட்டு நாளும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் உங்களுக்குத் தன்னம்பிக்கை வரும். அது வந்ததும் கடைக்குப் போகக் கூடாது. ஒரு நாள் ஆறப் போடுங்கள்.

வண்டிக்கு என்ன அளவு நட்டு, எவ்வளவு இறுக்கம் என்று வண்டியின் கையேட்டில் பார்க்கலாம் என்று தோன்றும். பாருங்கள். அது ஜப்பானிய மொழியில் இருக்கும். இந்த நாட்டிலும் ஒரு காலத்தில் கார் பூட்டினார்கள்: தேம்ஸ் ஊரில் டொயோட்டா, போரிருவாவில் மிட்சுபிஷி, நெல்சனில் ஹோண்டா. 1998-இல் காருக்கான இறக்குமதி வரி போயிற்று, அதே ஆண்டு ஆலைகளும் போயின. இப்போது நம்மவர்கள் வாங்குவது பெரும்பாலும் ஜப்பானில் ஓடி ஓய்வுபெற்றுக் கப்பலேறிய வண்டி. அதன் ரேடியோ பெரும்பாலும் 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எட்டாது, ஏனென்றால் ஜப்பானில் எஃப்.எம். நெடுங்காலம் அங்கேயே முடிந்துகொண்டிருந்தது. கையேட்டில் படங்கள் நன்றாக இருக்கும். முப்பது நாளில் ஜப்பானியம் படிக்க உங்களுக்கு நாள் போதாது.

ஆகவே நானே சொல்கிறேன். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 30 மில்லிமீட்டர் நட்டு. சிலவற்றில் 32, சிலவற்றில் 36. இரண்டாயிரங்களில் வந்த கொரோலாவில் இதை 216 நியூட்டன் மீட்டர் இறுக்கியிருப்பார்கள். அதே வண்டியின் சக்கர நட்டுக்கு 103 போதும். இருமடங்குக்கு மேல் ஏன் என்றால், இந்த நட்டு ஆக்சிலை மட்டும் பிடிக்கவில்லை. சக்கர பேரிங்கின் உள்வளையங்களையும் சேர்த்து நெரித்துப் பிடித்திருக்கிறது. இது ஆலையில் கொடுத்த இறுக்கம். அதற்கு மேல் துரு தன் பங்குக்கு எவ்வளவு கூட்டியிருக்கிறது என்று எந்த மொழிக் கையேட்டிலும் போட்டிருக்காது.

கருவிகள் வாங்க ரெப்கோவுக்கோ சூப்பர்சீப்புக்கோ சனிக்கிழமை காலை போங்கள். நூற்றைம்பது துண்டுகள் பளபளவென்று அடுக்கிய ஒரு பெட்டி தள்ளுபடியில் இருக்கும். அதை வாங்காதீர்கள். நூற்றைம்பதில் நூறு, நீங்கள் இந்தப் பிறவியில் தொடாத திருகாணிகளுக்கானவை. சாக்கெட் பெரும்பாலும் 24-இல் நின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நட்டின் அளவுக்குச் சரியான கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட், உள்ளே ஆறு முனை உள்ளது. பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை வழித்து வட்டமாக்கிவிடும். வட்டமான நட்டைக் கழற்றும் கையேட்டை நான் எழுதவில்லை. அத்தோடு முக்கால் அங்குலத் தலை கொண்ட பிரேக்கர் பார் ஒன்று. அரை அங்குலத்ததும் கிடைக்கும், விலையும் குறைவு; நட்டு நகரும் முன் அதன் கழுத்து ஒடியும்.

இந்த வாரத்தில் ஊரிலிருந்து மாமனார் வந்து இறங்கியிருப்பார். அவரிடம் எதுவும் சொல்லாதீர்கள். எப்படியும் தெரிந்துவிடும்.

“என்ன மாப்ள, ஆக்சிலா? அம்பாசிடர்ல இந்தப் பிரச்சனையே கிடையாது.”

“அது பின்சக்கர வண்டி மாமா.”

“அதான் சொல்றேன், பிரச்சனையே கிடையாது.”

நாள் 10

எண்ணெய் விடும் நாள். கடையில் டபிள்யூ.டி-40 என்பார்கள், சி.ஆர்.சி. 5.56 என்பார்கள், துருவுக்குள் இறங்கும் எண்ணெய் என்றே தனியாக விற்பதும் உண்டு, அது இன்னும் நல்லது. சக்கரத்தின் நடுமூடியை நெம்பி எடுத்து, நட்டும் ஆக்சில் முனையும் சேருமிடத்தில் அடித்துவிட்டு, உள்ளே போய்விடுங்கள். இட்லி மாவைப் புளிக்க விடுவதுபோல ஒரு ராத்திரி முழுக்க அதைத் தொடக் கூடாது. நம்மவர்கள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய் நட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். பிரேக் தட்டில் எண்ணெய் பட்டால் துடைத்துவிடுங்கள். இந்த நட்டு கழலாமல் போனாலும் வாழலாம். பிரேக் பிடிக்காமல் வாழ முடியாது.

காத்திருக்கும் நேரத்தில் இந்த ஊரின் துருவைப் பற்றிச் சிந்திக்கலாம். ஆக்லாந்து இரண்டு கடல்களுக்கு நடுவில் நெளிந்து கிடக்கும் ஊர். ஒருபுறம் வைட்டெமாட்டா துறைமுகம், மறுபுறம் மனுகாவ். ஓட்டாஹூஹூ பக்கத்தில் இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு கிலோமீட்டர் நிலம்தான். அந்தக் காலத்து மாவோரிகள் அங்கே தோணியைத் தரையில் இழுத்துக்கொண்டுபோய் மறுகடலில் இறக்கினார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் உப்போடுதான் வரும். இதற்குப் பாய்மர நகரம் என்று பெயர் வேறு. உங்களுக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர் ஒரு படகும் வைத்திருந்திருக்கலாம். படகை இறக்க டிரெய்லரோடு வண்டியைச் சரிவில் பின்னுக்கு விட்டு, கடல் சக்கரத்தை நனைக்கும்வரை போயிருக்கலாம். “ஒரே ஒரு பெண்மணி, சர்ச்சுக்கு மட்டும் ஓட்டியது” என்று விளம்பரத்தில் போட்டிருந்ததை நம்பினீர்கள் அல்லவா?

இந்த நாட்டின் ஈரத்தைத் தாங்கிய தமிழ் உலோகம் ஒன்று உண்டு. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வடக்கே வாங்கரே பக்கத்தில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரம் ஒன்றைப் பார்த்தார். பார்த்தால் அது ஒரு கப்பல் மணியின் மேல்பாகம், சுற்றிலும் தமிழ் எழுத்து, முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் என்று. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. எப்படி இங்கே வந்தது என்று இன்றுவரை ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். என் கவனமெல்லாம் அது வெண்கலம் என்பதில்தான். வெண்கலம் இரும்பைப் போல் துருப்பிடித்து உதிராது. டொயோட்டாக்காரர் நட்டை இரும்பில் செய்துவிட்டார், அவ்வளவுதான்.

நாள் 11

இன்று கழற்றுகிறோம். முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன்: ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்காதீர்கள். கை பரபரக்கும், தூக்கினால்தான் வேலை தொடங்கியதாகத் தோன்றும். தூக்கிய சக்கரம் நட்டோடு சேர்ந்து சுற்றும். அதை நிறுத்த நீங்கள் போடும் பலத்தில் வண்டி ஜாக்கியை விட்டு இறங்கும், உங்கள் மேல். நட்டைத் தளர்த்தும் வேலை முழுக்க நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். இந்தக் கையேட்டில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சாக்கெட் நுழைய முடியாத அலாய் சக்கரமாக இருந்தால், டிக்கியில் இருக்கும் மாற்றுச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு செய்யலாம்.

சமதரை வேண்டும். ஆக்லாந்தில் அதைத் தேடுவதற்கே ஒரு நாள் ஒதுக்கியிருக்கலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளின் மேல் குடியேறிய ஊர் இது. நம்மவர்கள் கூட்டமாக வசிக்கும் மவுண்ட் ராஸ்கிலின் பெயரே ஒரு எரிமலையின் பெயர். வாடகை வீட்டின் டிரைவ்வே எப்படியும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். கீழே பழைய அட்டைப்பெட்டிகளை விரித்துவிடுங்கள். எண்ணெய்க் கறையை வீட்டுக்காரரின் ஏஜென்ட் அடுத்த சோதனைக்கு வரும்போது படம் எடுத்துக்கொண்டு போவார்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எந்தப் பக்கம் வைப்பது என்று எந்த வீடியோவும் சொல்லித் தராது. நட்டு இடப்புறமாகச் சுற்றினால் தளரும், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். ஜப்பான் கார்களில் இரு பக்கமும் பெரும்பாலும் அப்படித்தான். இடது சக்கரத்தில் அப்படிச் சுற்றும்போது வண்டி முன்னால் உருளப் பார்க்கும். வலது சக்கரத்தில் பின்னால் உருளப் பார்க்கும். கட்டையை அந்தந்தப் பக்கம் வையுங்கள்.

அடுத்து உளி. நட்டின் மேல் விளிம்பை ஓரிடத்தில் ஆக்சிலின் பள்ளத்துக்குள் குத்தி மடக்கியிருப்பார்கள், தானாகக் கழலாமல் இருக்க. அதை உளியாலும் சுத்தியலாலும் நிமிர்த்த வேண்டும். சில வண்டிகளில் இதற்குப் பதில் ஒரு பின் செருகியிருக்கும், அதை உருவினால் போதும். நிமிர்த்தாமல் சுற்றியவர்கள் மரை கழண்டவர்கள். ஆக்சிலின் மரையைச் சொல்கிறேன்.

இப்போது வீட்டிலுள்ளவர்களை உதவிக்குக் கூப்பிடுங்கள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். இது உங்கள் மனைவிக்கு வரும் வேலை. உங்கள் கல்யாண வாழ்க்கையின் அடித்தளம் எவ்வளவு உறுதி என்று இங்கே தெரியும்.

“ஏங்க, எவ்வளவு நேரம் மிதிச்சிக்கிட்டே இருக்கிறது?”

“இதோ, ஒரே நிமிஷம்.”

“இதைத்தான் காலையில இருந்து சொல்றீங்க. அந்த மெக்கானிக் எவ்வளவு கேட்டாரு?”

பதில் சொல்லாதீர்கள். பிரேக்கர் பாரைப் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். நட்டு அசையாது. மூச்சைப் பிடித்து அழுத்துங்கள். முதுகில் ‘சடக்’ என்று ஒன்று கேட்கும்; நட்டு இல்லை. கவலைப்படாதீர்கள், இந்த நாட்டில் 1974 முதல் ஏ.சி.சி. என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. விபத்தில் அடிபட்டால் யார் மேல் தப்பு என்று அது கேட்பதில்லை. சொந்த வீட்டில், சொந்த நட்டால், சொந்த முட்டாள்தனத்தால் அடிபட்டாலும் சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுக்கும். உலகத்தில் வேறெங்கும் இத்தனை கருணையை நான் பார்த்ததில்லை.

நாள் 12, 13

நட்டு அசையவில்லை. வேலிக்கு அந்தப்புறத்திலிருந்து பக்கத்து வீட்டு கிவி பீர் போத்தலோடு வருவார். “எல்லாம் சரியாயிடும், மேட்” என்பார். இந்த நாட்டுக்காரர்களுக்கு எட்டாம் நம்பர் கம்பி என்று ஒரு பெருமை உண்டு. வேலி கட்டும் கம்பி அது. பண்ணையில் எது உடைந்தாலும் அதை வைத்துக் கட்டி ஓட்டிவிடுவார்களாம். 1981-இல் வந்த ‘குட்பை போர்க் பை’ படத்தை அவர் கட்டாயம் சொல்வார்: மஞ்சள் மினி ஒன்று வடகோடி கைட்டாயாவிலிருந்து தென்கோடி இன்வர்கார்கில் வரை போகும், வழிநெடுக அதன் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றுக்கொண்டே. அந்தப் படத்தில் நட்டெல்லாம் எப்படிக் கழன்றது என்று கேட்காதீர்கள். மனிதர் மனம் புண்படும்.

அவரிடம் ரேட்டில் கன் இருக்கும். மின்கலத்தில் ஓடும் இம்பாக்ட் துப்பாக்கிதான், இங்கே அதற்கு அந்தப் பெயர். ஒரே அழுத்தாக அழுத்தாமல் நொடிக்குப் பல தடவை அடித்து அடித்துச் சுற்றுவதால் துருவின் பிடி உடையும். நல்ல துப்பாக்கி ஆயிரம் நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுக்கும், ஒரே மிரட்டலில் வேலை முடியும். பக்கத்து வீட்டாருடையது நல்லது இல்லை. அரை மணி நேரம் ‘டர்ர்ர்’ என்று கத்திவிட்டு மின்கலம் தீர்ந்துபோகும். மூன்றாவது வீட்டிலிருந்து யாராவது சத்தம் என்று மாநகராட்சிக்குப் புகார் சொன்னால், அந்தப் பெருமை உங்களைச் சேரும்.

அடுத்து அவர் தீ வைக்கலாம் என்பார். கேஸ் டார்ச்சால் நட்டைச் சூடாக்கினால் விரியும் என்பது உண்மைதான். ஆனால் முந்தாநாள் அதன் மேல் எண்ணெயைக் கொட்டியிருக்கிறீர்கள், அது எரியும். பக்கத்தில் பேரிங்கின் கிரீஸும் ரப்பர் சீலும் ஏ.பி.எஸ். சென்சாரும் இருக்கின்றன, அவையும் எரியும். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதோடு ஒரு தட்டு வடையும் போக வேண்டும்.

நாள் 14

மவுண்ட் ராஸ்கிலிலோ சாண்ட்ரிங்ஹாமிலோ இருப்பவர்களுக்கு இந்த நாளில் ஒரு நல்லது நடக்க வாய்ப்பிருக்கிறது. தெருவில் நடைபயிற்சி போகும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் உங்கள் வாசலில் நிற்பார்.

“என்ன தம்பி, ரெண்டு மூண்டு நாளா உதோடை மல்லுக்கட்டிக்கொண்டு நிக்கிறியள்?”

“நட்டு கழல மாட்டேங்குது அண்ணே.”

“கைவலுவிலை வராது தம்பி. நீட்டுப் பைப் ஏதும் கிடக்கே?”

இவர் சொன்னால் கேளுங்கள். 1990-இலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. பெட்ரோல் கிடையாது, உதிரிப்பாகம் கிடையாது, பேட்டரிகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் பழைய ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் செய்ய மட்டும் சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு, இன்ஜின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். எட்டாம் நம்பர் கம்பியைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இவரைச் சந்திக்க வேண்டும். இவர்களுக்குக் கம்பியும் தடை.

அண்ணை கணக்கு எதுவும் சொல்ல மாட்டார். கணக்கை நான் சொல்கிறேன். இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண ராட்செட்டின் நுனியில் அறுபது கிலோ ஆள் தன் எடை முழுவதையும் போட்டாலும் வருவது 150 நியூட்டன் மீட்டருக்குள்தான். நட்டை இறுக்கியதோ 216. ஜிம்முக்குப் போய்ப் பயனில்லை. அதே ஆள் ஒரு மீட்டர் நீளத்தின் நுனியில் நின்றால் 590-ஐ நெருங்குகிறது. உடம்பு அதே உடம்பு. ஜாக்கியின் கைப்பிடியோ, தோட்டத்தில் கிடக்கும் கனமான இரும்புக் குழாயோ, பிரேக்கர் பாரின் மேல் செருகினால் தீர்ந்தது. பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், சிரிக்காதீர்கள், செருகியவர்கள் இருக்கிறார்கள். சாக்கெட்டுக்கு நேர் கீழே முட்டுக்கொடுத்து நிறுத்தினால் அது சாய்ந்து வழுக்காது. பைப்பின் நுனி உங்கள் முகத்துக்கு நேரே இருக்கக் கூடாது.

“முதலிலை ஒரு சொட்டு இறுக்குங்கோ. பிறகு தளத்துங்கோ.”

இது எந்த வீடியோவிலும் வராத வித்தை. இறுக்கும் பக்கம் மயிரிழை அசைந்தாலும் துருவின் பிடி விட்டுப்போகும். சாக்கெட்டின் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு. அப்புறம் இடப்புறம். படார் என்று சத்தம் கேட்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் ஓடி வருவார்கள். உடைந்தது துருதான். மாமனார் “நான் சொல்லல?” என்பார். அவர் எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் ஆமாம் மாமா என்று சொல்லிவிடுங்கள்.

அண்ணை கிடைக்காதவர்களுக்கும் பைப் கிடைக்கும். பைப்புக்கும் மசியாத நட்டு என்றால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள், பலர் இதை யோசிப்பதே இல்லை: ஆக்சிலைத் தூக்கி எறியத்தான் போகிறீர்கள். அதன் மரை கெட்டால் உங்களுக்கென்ன? நட்டின் ஒரு பக்கத்தை கிரைண்டரால் பாதி ஆழத்துக்கு அறுத்து, உளியால் ஒரு போடு போட்டால் பிளந்துகொண்டு வரும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காப்பாற்ற வேண்டியவை ஹப்பும் பேரிங்கும் மட்டுமே.

நாள் 15 முதல் 25 வரை

இனி ஜாக்கி வைக்கலாம். தூக்கியதும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டினால் ஏ.சி.சி. வேறு பிரிவில் உங்கள் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கும். நட்டு போன பிறகும் ஆக்சில் ஹப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய நட்டை விளிம்புவரை திருகி வைத்து, அதன் மேல் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். கோபத்தில் சம்மட்டியால் அடித்தால் அடி பேரிங்குக்கும் சேரும். பால் ஜாயிண்டைப் பிரித்து, கியர் எண்ணெயை வடித்து, உள்பக்கத்தை நெம்பினால் ஆக்சில் கையில் வந்துவிடும். அந்த எண்ணெயைத் தெருவோரச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். இங்கே மழைநீர்க் கால்வாய் நேராகக் கடலுக்குப் போகிறது.

பழைய ஆக்சிலைக் கையோடு கொண்டுபோய்ப் புதியதோடு வைத்துப் பாருங்கள்: நீளம், நுனியில் உள்ள பற்களின் எண்ணிக்கை, ஏ.பி.எஸ். வளையம். இடமும் வலமும் பெரும்பாலும் வேறு வேறு நீளம். பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்திவைத்து ‘நீயே கழற்றிக்கொள்’ என்று விடும் பிக்-எ-பார்ட் போன்ற இடங்களில் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அங்கே இருக்கும் ஆக்சிலிலும் ஒரு நட்டு இருக்கிறது, அதையும் நீங்கள்தான் கழற்ற வேண்டும். புதியதை வாங்குங்கள்.

ஆக்சில் வெளியே இருக்கும்போது சக்கரத்தை மாட்டி வண்டியை உருட்டாதீர்கள். பேரிங்கை நெரித்துப் பிடிக்க நட்டு இல்லாமல் எடையைத் தாங்கினால் அது கெட்டுப்போகும்.

நாள் 26, 27

புது நட்டு போடுங்கள். ஒருமுறை குத்தி மடக்கிய நட்டு அந்த ஒருமுறைக்குத்தான். சில டாலர் மிச்சம் பிடிக்கப் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். கடைசி இறுக்கத்தை வண்டி தரையில் நிற்கும்போது, டார்க் ரிஞ்சில், உங்கள் வண்டிக்கு உரிய எண்ணில் கொடுங்கள். பைப்பின் மேல் ஏறி நின்று கழற்றிய வீரத்தோடு பைப்பின் மேல் ஏறி நின்றே இறுக்கவும் கை துடிக்கும். ‘ஆனமட்டும்’ என்பது ஒரு அளவு இல்லை. பிறகு நட்டின் விளிம்பைப் பள்ளத்துக்குள் குத்தி மடக்குங்கள். கியர் எண்ணெயை மறக்காமல் ஊற்றுங்கள். ஆக்சிலைப் போட்டுவிட்டு எண்ணெயை மறந்தவர்கள் அடுத்த வாரமே கியர்பாக்ஸ் கையேடு தேடுகிறார்கள்.

நாள் 28

வாரண்ட் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வாருங்கள். செலவுக் கணக்கு இந்தக் கையேட்டில் இல்லை. கருவிகளுக்கு ஆனதை மாமனார் முன்னால் கூட்டிப் பார்க்க வேண்டாம். பைப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள். அப்படியே மறுபக்கத்து பூட் உறையையும் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிழிந்த ரப்பருக்கும் அதற்கும் ஒரே வயதுதான்.